சீட்டில் ஐந்து கட்டங்கள்

கேள்வி கேட்டவன் கொக்கு. அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. வெளியூர்க் கிளப்பிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வேலை கோல்கீப்பர், காலின் நீளத்தைப் பார்த்து டீம் வைத்த பெயர் கொக்கு. இந்தக் கிளப்பின் பழைய வயிற்றெரிச்சல் எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மற்ற இருபத்திரண்டு பேரைப் போல அவனும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பான்.

மறுநாள் மதியம் கோப்பையின் இறுதி ஆட்டம். முந்தின நாளான அன்று காலை பத்தரை மணிக்கு ஸ்டேடியத்தின் மாடி அறையில் கடைசி மீட்டிங். கைப்பிடியோடு எழுது பலகை ஒட்டிய நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைப் போர்டு, மூலையில் டீ பிளாஸ்க், அறை முழுக்க வலி தைல வாசனை. மேனேஜர் இருபது நிமிடம் பேசி முடித்திருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் பேசினால் ஆட்டக்காரன் காதுக்குள் போகாது என்பது அவர் கட்சி.

மேனேஜரைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. எட்டு வருடத்தில் மூன்று லீக் பட்டம், இரண்டு கோப்பை. அதற்கு முன்னால் அவரும் கோல்கீப்பர்தான். அப்போது அவருக்குக் 'கதவு' என்று பெயர். பந்தை அவர் பிடித்தால் ரேடியோவில் வர்ணனை செய்பவர் "கதவு சாத்தியாச்சு" என்பார், கேட்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே கை தட்டுவார்கள். பதினோரு வருடம் சாத்திய கதவு, முப்பத்து மூன்றாவது வயதில் ஒரே ஒரு சாயங்காலம் ஐந்து முறை திறந்தது. அதோடு முடிந்தது ஆட்ட வாழ்க்கை.

அதுவும் ஒரு கோப்பை இறுதி ஆட்டம்தான். சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. அன்றைய கோச், எல்லோரும் 'விசில்' என்று கூப்பிட்ட மனிதர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கதவின் கையுறைக்குள் செருகினார். சீட்டில் ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு கோல் கம்பத்தின் படம். எதிரணியில் எந்த ஆட்டக்காரன் எந்த மூலையில் அடிப்பான் என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி. கதவு சீட்டைப் பார்த்தார், பாய்ந்தார். பந்து மறுபக்கம் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குக் கூட்டம் சிரித்தது. நான்காவதுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விசில் கொடுத்த சீட்டு, அவரை நம்பாமல் யாரை நம்புவது என்று ஐந்தாவதுக்கும் புள்ளி இருந்த பக்கமே பாய்ந்தார். பந்து நிதானமாக, அவசரமே இல்லாமல், மறு மூலையில் போய் உட்கார்ந்தது. கடுப்பில் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துச் சேற்றில் போட்டு மிதித்துவிட்டு வெளியே வந்தார்.

ஒன்று இரண்டு தப்பினால் துரதிர்ஷ்டம். ஐந்தும் என்றால் ஊர் சும்மா இருக்குமா? காசு வாங்கிவிட்டான் என்றார்கள். கால்பந்துச் சங்கம் விசாரணை வைத்தது. ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. கிளப் மட்டும் விடவில்லை, வெளியே அனுப்பிவிட்டது.

அந்தச் சீட்டை வரைந்தவர் மேனேஜரின் மனைவியின் தம்பி. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. எதிரணியின் ஆட்டங்களைப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவது வேலை. இன்றைக்கு மேனேஜரின் உதவி கோச். மேனேஜர் "மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, டீமில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் மச்சான்தான். தண்ணீர் பாட்டில் தூக்குகிறவருக்குக்கூட மச்சான்.

"நான் வரைஞ்ச மாதிரியேதான் மாமா அஞ்சு பேரும் அடிச்சாங்க. நான் எந்தப் பக்கம் புள்ளி வச்சேனோ அந்தப் பக்கமேதான் போச்சு" என்று மச்சான் அன்றைக்கே தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "என் கைக்கு வந்த சீட்டுல எல்லாமே எதிர்ப்பக்கம் இருந்துச்சு" என்று மேனேஜரும் சத்தியம் செய்தார். இரண்டும் உண்மை என்றால் என்ன அர்த்தம்? நடுவில் ஒருவர் சீட்டை மாற்றி வரைந்திருக்கிறார். நடுவில் இருந்தது விசில் ஒருவர்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க பத்து நிமிடம் ஆகவில்லை.

அந்தக் கோபத்தில்தான் மேனேஜர் மேலே வந்தார். இதை அவரே பேட்டிகளில் சொல்வதுண்டு. ஒரு தொழிற்சாலை டீமில் ஆரம்பித்து, மழையில் கூரை ஒழுகும் உடைமாற்றும் அறைகளில் கிடந்து, படிப்படியாக ஏறி, தன்னைத் துரத்திய அதே கிளப்புக்கு மேனேஜராக வந்தார். வந்த வருடமே பட்டம். அன்று டிவியில் பழைய ஐந்து பெனால்டியைப் பற்றிக் கேட்டார்கள். "சீட்டை மாத்தினது யாருன்னு எனக்குத் தெரியும். என் கையில குடுத்தவருக்கும் தெரியும்" என்றார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்போது விசில் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஒரு வாரத்துக்குள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் அன்று நிம்மதியாகத் தூங்கினார். சரியான ஆளுக்குச் சரியான தண்டனை என்று நினைத்தார்.

அதிலிருந்து அவர் டீமில் சீட்டு என்ற பேச்சே கிடையாது. கீப்பர் அடிக்கிறவனின் இடுப்பைப் பார்த்துப் பாய வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை கொக்குதான் நச்சரித்தான். நாளைய எதிரணி போன இரண்டு சுற்றையும் பெனால்டியில் ஜெயித்து வந்த டீம். சீட்டு இல்லாமல் நிற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம் என்றான். மேனேஜர் முறைத்தார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார், கடைசியில் "மச்சான் கையால வாங்கிக்க. நடுவுல யாரும் தொடக்கூடாது" என்று இறங்கி வந்தார்.

அப்படித்தான் பத்தொன்பது வருடம் கழித்து மச்சான் மறுபடியும் ஒரு சீட்டு வரைந்தார். வீடியோ பார்த்து, பொறுமையாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஐந்து கட்டம். மீட்டிங் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கொக்கிடம் நீட்டினார்.

கொக்கு சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பினான். "மச்சான், இது அடிக்கிறவன் பாக்குற மாதிரியா, நான் பாக்குற மாதிரியா?"

"என்னடா கேள்வி இது? கோலைப் பாத்தா எப்படித் தெரியுமோ அப்படித்தான்."

"கோலை எங்க நின்னு பாத்தா? நான் கோலுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பேன். எங்க பழைய கிளப்புல கீப்பருக்குத் தெரியற மாதிரி போடுவாங்க. இது யாரு பாக்குற மாதிரின்னு கேக்காம போனா வம்பு மச்சான். அஞ்சுக்கு அஞ்சும் தப்பாப் பாஞ்சிட்டு வருவேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது. பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த கேப்டனின் கை அப்படியே நின்றது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. காதில் விழுந்தது, மண்டைக்குள் இறங்கவில்லை. இறங்கியபோது மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் கீழ போங்க" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. கொக்கு ஏதோ கேட்க வாயெடுத்தான். கேப்டன் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். அறைக் கதவு மூடியது. அறையில் இரண்டே பேர்.

"மச்சான். அன்னைக்கு அவங்க ஏழாம் நம்பர் முதல்ல அடிச்சான். அவனுக்கு எப்படி வரைஞ்சே? போர்டுல போடு."

மச்சான் எழுந்தார். மார்க்கரின் மூடியைத் திறக்கவே அவருக்கு இரண்டு தடவை ஆனது. போர்டில் ஒரு கட்டம் வரைந்தார். இடது மூலையில் ஒரு புள்ளி வைத்தார்.

"எங்க நின்னு பாத்துக் குறிச்சே?"

"கேலரியில மாமா. கோலுக்கு எதிர்ல. மூணு மேட்சும் அங்கதான் நின்னேன்."

மேனேஜர் போர்டுக்கு முன்னால் வந்தார். அந்தக் கட்டம்தான் கோல் என்பது போல, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி நின்றார். ஐம்பத்திரண்டு வயதில் கழுத்துப் பட்டையில் தொங்கும் அடையாள அட்டையோடு அப்படி நின்ற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். அன்று சீட்டில் படித்தது போலவே இடது கையை நீட்டினார். அப்படியே தலையைத் திருப்பிப் பார்த்தார். புள்ளி அவருடைய வலது தோளுக்குப் பின்னால் இருந்தது.

நீட்டிய கையை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

"மாமா" என்றார் மச்சான். "நான் சரியாத்தான் வரைஞ்சேன்."

"சரியாத்தான் வரைஞ்சிருக்கே. நானும் சரியாத்தான் படிச்சிருக்கேன்."

"அப்ப மாத்தினது..."

"யாரும் மாத்தலடா. ஒருத்தனும் மாத்தல."

மச்சான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை சாப்பாட்டு மேசை! விசில் எப்போது மாற்றியிருப்பார், எந்தப் பேனாவால் மாற்றியிருப்பார், எதிரணியில் யாரைச் சந்தித்திருப்பார் என்று இருவரும் துப்பறிந்து தள்ளியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறை, கையருகே கிடக்கும் ஒரு தாளை எடுத்து, இப்படித்தான் வரைந்தேன் என்று வரைந்து காட்ட இவருக்கும் தோன்றவில்லை, காட்டு என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை. ஒரு கோலுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தெருவில் கல்லை நட்டு விளையாடுகிற குழந்தைக்குத் தெரியும். மூன்று லீக் பட்டம் வாங்கிய இந்த மேதாவிகளுக்குத் தெரியவில்லை.

மேனேஜர் கார் சாவியை எடுத்தார்.

"மாமா, நாளைக்கு மேட்ச் முடியட்டும். இப்பப் போய் என்னத்தைச் சொல்லுவீங்க? நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வேற வராங்க."

"அவரை வீட்டுல உக்கார வச்சு எட்டு வருஷம் ஆகுதுடா. இன்னும் ஒரு நாள் உக்காரட்டுங்கிறியா?"

மச்சான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மேனேஜருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படும் தெம்பு உடம்பில் இல்லை.

காரில் உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். கோர்வையாக வரவில்லை, கட்டம், புள்ளி, கொக்கு என்று உளறினார். அவள் புரிந்துகொண்டாள்.

"அந்த மனுஷரை நாம என்ன பண்ணிட்டோம்?" என்றாள்.

"அதான் தெரியல."

"தெரியலன்னு என்கிட்ட எதுக்குப் பேசிட்டிருக்கீங்க? வண்டியை எடுங்க."

விசில் இப்போது மகளோடு இருந்தார். மகள் பல் டாக்டர். மெயின் ரோட்டில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், முன்னறை கிளினிக், பின்னால் வீடு. மேனேஜர் படியேறினார். உள்ளே நான்கு பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாசலை ஒட்டிய மேசையில் ஒரு கிழவர் குனிந்து நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் விசில் ஊதினால் மைதானத்தில் பதினோரு பேர் மூச்சு விட யோசிப்பார்கள். இப்போது டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பதினாலாம் நம்பர் டோக்கன். உக்காருங்க" என்றார் நிமிராமல். பிறகு நிமிர்ந்தார்.

கன்னத்தைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் வலியை மறந்து போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மேனேஜர் சார், ஒரே ஒரு போட்டோ..." மேனேஜர் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"பல்லா?" என்றார் விசில்.

"இல்ல சார்."

"அப்ப இங்க உனக்கு வேலை இல்லையே."

மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னார். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசியில் அந்த டோக்கன் நோட்டையே இழுத்து, ஒரு கட்டம் வரைந்து, ஒரு புள்ளி வைத்து, தாளைச் சுற்றித் திருப்பிக் காட்டினார்.

"அவன் கேலரியில இருந்து பாத்து வரைஞ்சான். நான் கோல்ல இருந்து பாத்துப் படிச்சேன். அவ்வளவுதான் சார் நடந்தது. நீங்க எதையும் மாத்தல. நான்தான் உங்களை... டிவியில..." அத்தனை பேர் பார்க்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

விசில் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் புள்ளியைத் தொட்டார். தாளை ஒருமுறை திருப்பினார், மறுபடி திருப்பினார். மன்னிப்புக் கேட்க வந்தவர் எதிர்பார்த்தது கோபத்தை. நாலு அறை விழும் என்றுகூட நினைத்திருந்தார். கிழவர் முகத்தில் கோபம் இல்லை. பேயறைந்தது போல இருந்தது.

"அப்ப நீ காசு வாங்கலையா?" என்றார் விசில்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்?"

"சீட்டை உன்கிட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தேன்டா. நான் நின்னது கோலுக்கு எதிர்ல. சீட்டுல புள்ளி இருந்த பக்கமே பந்து போகுது. நீ எதிர்ப்பக்கம் பாயற. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, அஞ்சு தடவை. நான் என்னன்னு நினைக்கட்டும்?" கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாசம் உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா. ஆபரேஷன்னு அலைஞ்சிட்டிருந்தே. கஷ்டத்துல கையை நீட்டிட்டான்னு நினைச்சேன். இன்னைக்கு, இதோ இந்த நிமிஷம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்."

மேனேஜர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விசாரணை நாள் ஞாபகம் வந்தது. சங்கத்து ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போன விசில் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார், இவர் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். குற்றமுள்ள மனசு, அதான் முகம் கொடுக்க முடியவில்லை என்று இவர் அப்போதே முடிவு கட்டினார்.

"உள்ள அவங்ககிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? சீட்டுல என்ன இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் பிரிச்சே பாக்கலன்னு சொன்னேன். என் டீம் பையன் காசுக்கு விலை போறவன் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யின்னு நினைச்சுக்கிட்டேதான் போட்டேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல."

"டிவியில நான் அப்படிச் சொன்னப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே சார்."

"கோபம் வரலன்னு நினைக்கிறியா? டிவியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வந்துச்சு. பொண்ணு வாங்கின டிவி." விசில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திறந்தா என்னத்தைச் சொல்லணும்? நீ வித்துட்டேன்னு சொல்லணும். ஒருதடவை இல்லன்னு கையெழுத்துப் போட்டாச்சு. மாத்திப் பேச எனக்கு வரல."

தப்பே செய்யாத கிழவரை ஊர் முன்னால் காட்டிக்கொடுத்தவர் மேனேஜர். மேனேஜரைக் குற்றவாளி என்று நம்பியும் காப்பாற்றியவர் விசில். கிளினிக்கின் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மகள் எட்டிப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் விரிந்தன. பெயர் கூப்பிட வந்தவள் கூப்பிடவில்லை.

"நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க சார்" என்றார் மேனேஜர். "எல்லாத்தையும் சொல்லப் போறேன். நீங்க எதையும் மாத்தலன்னும், நான்தான் தப்பாப் படிச்சேன்னும், உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம்னும் சொல்லப் போறேன்."

விசில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நோட்டில் வரைந்த கட்டத்தை இன்னும் ஒருமுறை பார்த்தார்.

"சொல்லு. அப்படியே இதையும் சேத்துச் சொல்லிடு. அந்தக் கிழவன் பத்தொன்பது வருஷமா என்னைத் திருடன்னு நினைச்சிட்டிருந்தான்னு சொல்லு. நியாயம்னா ரெண்டு பக்கமும் வரணும்ல."

மேனேஜர் முகத்தைத் துடைத்தார். இன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் குரல் நடுங்கவில்லை.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன் சார். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

விசில் எழுந்து, சுவரோரம் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். மேனேஜர் உட்கார்ந்தார்.